நாற்பத்திரண்டு நிமிஷம்

திண்டிவனம்
17.4.2024

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

போனை அணைச்சு அத்தாவோட பீரோவுல வச்சிட்டேன். நீங்க கூப்பிட்டுக்கினே இருப்பீங்கன்னு தெரியும். உங்க குரலைக் கேட்டா நான் அழுவேன். நான் அழுதா நீங்க பேச்சை மாத்திடுவீங்க. எழுதுங்க. எழுதினதை மாத்த முடியாது.

நேத்து நீங்க லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தப்ப என் பாஸ்போர்ட்டைத் தேடினேன். ஜூன் மாசக் கப்பலுக்கு என் பேரையும் சேர்த்துக் கொடுக்கணும்னு நீங்கதானே கேட்டீங்க. உங்க ஃபைலுல, இன்ஜினியர் சர்ட்டிபிகேட்டுங்களுக்கு அடியில ஒரு காயிதம். கேப்டன் கையெழுத்து, கப்பல் முத்திரை. எனக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியும்னு மறந்துபோச்சா?

பிப்ரவரி பன்னெண்டு. பெண் குழந்தை. பிறந்த நேரம் மதியம் மூணு பத்து. இறந்த நேரம் மூணு அம்பத்திரண்டு.

கட்டில்ல உக்காந்து அந்த ரெண்டு நேரத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தேன். நாற்பத்திரண்டு நிமிஷம்.

"உசிரில்லாமத்தான் பொறந்துச்சு நாசியா"ன்னு சொன்னீங்க. நான் உங்க கையைப் பிடிச்சிக்கினு, "அல்ஹம்துலில்லாஹ், அதுக்கு ஒரு நோவும் தெரியாமப் போச்சே"ன்னேன். ரெண்டு மாசமா அந்த ஒரு வார்த்தையை வச்சிக்கினுதான் சோறு தின்னேன். நோன்பு பிடிச்சேன். பெருநாளைக்கு மாமி எடுத்துக் கொடுத்த புதுப் புடவையைக் கட்டிக்கினு எல்லாருக்கும் சலாம் சொன்னேன்.

அழுதாளா? யார் கையில இருந்தா? என் பக்கத்துல ஏன் போடல? நான் மயக்கமாத்தானே கிடந்தேன், மௌத்தாயிடலயே. என் மார்மேல வச்சிருந்தா அந்தச் சூடாவது அவளுக்குக் கிடைச்சிருக்குமே.

கல்யாணமாகி மூணு வருஷத்துல மூணு கப்பல் உங்ககூட வந்தேன். புயல்ல வாந்தி எடுத்துக்கினே உங்களுக்கு டீ போட்டேன். நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல ஒளிக்க ஒண்ணும் இல்லைன்னு நினைச்சேன்.

மாமிகிட்ட அத்தாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு பஸ் ஏறினேன். பொய் சொல்ல உங்ககிட்டதான் கத்துக்கினேன்.

இங்க வராதீங்க.

நாசியா


விழுப்புரம்
22.4.2024

அன்புள்ள நாசியாவுக்கு,

ஹுதைஃபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். வெள்ளிக்கிழமை தேர்தல் விடுமுறை என்பதால் உன் கடிதம் சனிக்கிழமைதான் கைக்கு வந்தது. உன் ஓட்டு இந்த ஊரில்தான் இருக்கிறது, அதற்காவது வருவாய் என்று மாலை வரை பள்ளிக்கூட வாசலில் நின்றேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். ஆம். குழந்தை உயிரோடு பிறந்தது.

அன்று நாம் பிரேசிலிலிருந்து கிளம்பி ஆறு நாள் ஆகியிருந்தது. கேப் டவுனுக்கு இன்னும் ஆறு நாள். ஹெலிகாப்டர் வந்து போகக்கூடிய தூரத்தில் கரை இல்லை. உனக்கு மதியம் ஒரு மணிக்கு வலி எடுத்தது. கப்பலில் மருந்துப் பெட்டி செகண்ட் மேட் ஆபீசர் பொறுப்பு, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சாட்டிலைட் போனில் ஒரு டாக்டர் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். ஆறாம் மாதக் குழந்தை, இந்த நிலையில் பிழைக்க வழியில்லை என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

உனக்கு மூன்று நாள் நினைவு சரியாக இல்லை. எதையும் சொல்லிக் கலங்க வைக்காதீர்கள், மறுபடி ரத்தம் போனால் காப்பாற்ற முடியாது என்றார் டாக்டர். நான்காம் நாள் நீயே கேட்டாய். என் வாயில் அந்தப் பொய் வந்துவிட்டது. உடனே நீ அல்லாஹ்வைப் புகழ்ந்தாய். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எதைச் சொல்லி எதைத் திரும்ப வாங்குவது?

அவள் என் கையில்தான் இருந்தாள். பிறந்த பிள்ளைக்குச் சொல்ல வேண்டியபடி காதில் பாங்கு சொன்னேன். தூங்குவது போலத்தான் போனாள். கஷ்டப்படவில்லை.

மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டதாகத்தான் அம்மாவுக்கும் உங்கள் அத்தாவுக்கும் சொல்லியிருக்கிறோம். அது அப்படியே இருக்கட்டும் என்று நினைக்கிறேன். கம்பெனியிலிருந்து கேட்கிறார்கள், ஜூன் பத்தாம் தேதி சிங்கப்பூரில் கப்பலேற வேண்டும். உன் பெயரைக் கொடுப்பதா வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

வெயில் கடுமையாக இருக்கிறது. மோர் குடி.

ஹுதைஃபா


திண்டிவனம்
26.4.2024

மச்சானுக்கு,

உங்க காயிதம் படிச்சேன். பம்பு ரிப்பேரானா மேலதிகாரிக்கு எழுதுவீங்களே, அந்த மாதிரி இருக்கு. கடைசியில மோர் குடின்னு வேற.

உங்களுக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். அந்தக் காயிதத்தை நான் எடுத்துக்கினு வந்துட்டேன். கடைசி வரி: "தகப்பனின் விருப்பப்படி, மறுநாள் காலை 9.30க்குக் கடலில் அடக்கம் செய்யப்பட்டது." விருப்பப்படின்னா வேற வழியும் இருந்திருக்கு. இல்லைன்னா கேப்டன் ஏன் அப்படி எழுதுறாரு? ஆறு நாள்ல கரை. கப்பல்ல ஐஸ் ரூம் இருக்கு. கேப் டவுன்ல முஸ்லிம் ஜனங்க நிறைய பேர் இருக்காங்க, எனக்கு ஆஸ்பத்திரியில கஞ்சி கொண்டாந்து கொடுத்தது ஒரு முஸ்லிம் நர்ஸம்மாதான். அவங்க மையவாடியில ஆறடி வேணாம், ரெண்டடி மண்ணு குடுத்திருக்க மாட்டாங்களா?

எங்கம்மா மௌத்தாகி பதினாறு வருஷம். அத்தா இன்னும் ஜும்மா முடிஞ்சதும் மையவாடிக்குப் போயிட்டுத்தான் மண்டிக்குப் போறாரு. என்னா ஓதுறாரோ, நிக்கிறாரு. நிக்க ஒரு இடம் இருக்கு. எனக்கு எது இடம்? சமுத்திரமா?

அதே ஆஸ்பத்திரியில எனக்குப் பால் கட்டிக்கிச்சு. ஞாபகம் இருக்கா? அந்த நர்ஸம்மா துணியை இறுக்கிக் கட்டிவிட்டாங்க. குடிக்க யாருமில்லாத பாலுக்கு ஏன் இந்த வேலைன்னு நான் உங்ககிட்ட கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கினு நின்னீங்க. அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்.

பிரேசில்ல சாண்டோஸ் துறைமுகத்துல லோடு ஏத்த இருபத்திமூணு நாள் காத்துக்கினு கிடந்தோமே, அப்பவே என்னை இறக்கி விடுங்கன்னு சொன்னேன். "கேப் டவுன்ல இறங்கிடலாம், பன்னெண்டு நாள்தான்"னு சொன்னது யாரு?

மூச்சு விட்ட புள்ளைக்குப் பேரு வைக்கணும், ஜனாஸா தொழணும். அவ பேரு என்ன? வச்சீங்களா, இல்ல அதுவும் "அப்படியே இருக்கட்டும்"னு விட்டுட்டீங்களா?

நாசியா


விழுப்புரம்
2.5.2024

நாசியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் வந்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். வராதே என்று நீ எழுதியிருந்தாய். ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த விழுப்புரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் சொல்கிறேன், குறையாகச் சொல்லவில்லை.

கேப்டன் ஐஸ் ரூமைப் பற்றிச் சொன்னது உண்மை. "ஆறு நாள் வைத்திருக்கலாம், உன் இஷ்டம்" என்றார். நான் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் கோழிப் பெட்டிகள். இன்னொரு பக்கம் மாட்டுத் தொடை கொக்கியில் தொங்குகிறது. நடுவில் ஒரு தட்டைக் காலி பண்ணி, இதில் வைக்கலாம் என்று சமையல்காரர் காட்டினார். நல்ல மனுஷன். அந்தத் தட்டைத் துடைத்துக்கூட வைத்திருந்தார். தினம் மூன்று வேளை அந்தக் கதவைத் திறப்பார்கள் நாசியா. அதிலிருந்து எடுத்துத்தான் நமக்குச் சமைப்பார்கள். என்னால் முடியவில்லை. மையத்தை அடக்கம் செய்யத் தாமதிக்கக்கூடாது என்று மார்க்கத்திலும் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உண்மை, அந்தத் தட்டுதான்.

நான்தான் குளிப்பாட்டினேன். நம்ம ரூம் வாஷ்பேசினில். அவ்வளவு சின்னது. கஃபனாகச் சுற்றியது உன் தொழுகைத் துப்பட்டி. அது ஆஸ்பத்திரியில் தொலைந்துபோனது என்று சொன்னேனே, இல்லை. இன்ஜின் ரூமில் வேலை பார்க்கும் இந்தோனேசியாக்காரர் ஒருவர் பின்னால் நின்றார். இரண்டு பேர் ஜனாஸா தொழுதோம்.

கீழே போக வெயிட் கட்ட வேண்டும். மற்றவர்கள் தேடித் தருகிறோம் என்றார்கள், நான் விடவில்லை. இன்ஜின் ரூமில் ஒரு பழைய பேரிங் கிடந்தது. கிரீஸ் போகிறவரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினேன். அரை மணி நேரம் கழுவினேன். என் கைக்குத் தெரிந்த வேலையில் அவளுக்குச் செய்தது அது ஒன்றுதான். கேப்டன் கப்பலை நிறுத்தச் சொன்னார். இன்ஜினை நானே கீழே போய் நிறுத்திவிட்டு மேலே வந்தேன்.

பெயர் வைத்தேன். ஷமீம். உன் அம்மா பெயர். உன்னைக் கேட்காமல் வைத்ததற்கு மன்னித்துவிடு. எனக்கு அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை.

ஹுதைஃபா


திண்டிவனம்
10.5.2024

மச்சானுக்கு,

உங்க காயிதம் வந்துச்சு. எங்கம்மா பேரு அது. அந்தப் பேரைக் கொண்டுபோய் இரும்பு கட்டி இறக்கிட்டீங்களேன்னு முதல்ல கோவம்தான் வந்துச்சு. அப்புறம், சாயங்காலமா, அத்தா கடலை மண்டியிலிருந்து மல்லாட்டை அவிக்கக் கொண்டாந்தாரு. உரிச்சிக்கினே மெதுவா அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தேன். அத்தா நிமிர்ந்து, "அம்மா ஞாபகமா?"ன்னாரு. ஆமான்னேன். அது பொய்யும் இல்ல.

செவ்வாய்க்கிழமை நான் மரக்காணம் போனேன். நம்ம கப்பல்ல போசனா இருந்த ராஜவேலு அண்ணனைப் பார்க்க. டெக்கு ஆளுங்களுக்கெல்லாம் மேஸ்திரி, எது நடந்தாலும் முதல்ல வந்து நிப்பாரு, அவருக்குத் தெரியாம இருக்காதுன்னு தோணுச்சு. மரக்காணத்துல இறங்கி ஷேர் ஆட்டோவுல அவங்க குப்பத்துக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னாடியே கடல். நான் சுவத்தைப் பார்த்து உக்காந்துக்கினேன். அவர் சம்சாரம் அஞ்சம்மாள் அதைப் புரிஞ்சிக்கினு பின் கதவைச் சாத்திட்டாங்க.

அண்ணன் முதல்ல சொல்லல. "சாரைக் கேளு தங்கச்சி"ன்னாரு. நான் அந்தக் காயிதத்தை எடுத்து முன்னாடி வச்சேன். அப்புறம்தான் சொன்னாரு. அவர் சொன்ன மாதிரியே எழுதுறேன்.

"சாரு திரும்பிக்கூடப் பாக்கல தங்கச்சி. ரெண்டு கையும் உன் வயித்து மேல. முழங்கை வரைக்கும் ரத்தம். கையை எடுக்காத, அழுத்திப் பிசைஞ்சிக்கினே இருன்னு டாக்டரு போன்ல கத்துறாரு. செகண்ட் மேட்டு ஊசி போடுறாரு. புள்ளையைத் துணியில சுத்தி என் கையில குடுத்துட்டாங்க. எனக்கு என்னா தெரியும்? சட்டையை அவுத்துட்டு நெஞ்சு மேல போட்டுக்கினேன். சூடு வேணுமில்ல? சாரு, மூச்சு வாங்குது, ஒரு தரம் வந்து பாருங்கன்னேன். 'போசன், நீ பாத்துக்கோ'ன்னாரு. இன்னொரு தரம் கூப்டேன். கையை எடுக்கவே இல்ல."

அழுதாளான்னு கேட்டேன். "அழுகைன்னு சொல்ல முடியாது. விசில் மாதிரி ஒரு சின்ன சத்தம். விட்டு விட்டு வந்துச்சு"ன்னாரு. கண்ணு திறக்கலயாம். தலை நிறைய கறுப்பு முடியாம். விரல் நீளமாம். அவர் சுண்டுவிரலைக் குடுத்தா பிடிச்சிக்கிச்சாம். "உங்க ஓதுறது எனக்குத் தெரியாது தங்கச்சி. சும்மா பேசிக்கினே இருந்தேன். உங்கம்மா நல்ல பொண்ணு, கப்பல்ல பொங்கல் வச்சப்ப எங்கிருந்தோ வெல்லம் தேடிக் குடுத்துச்சுன்னு சொன்னேன். உங்கப்பா இதோ வந்துடுவாருன்னு சொன்னேன்."

அதைச் சொல்லும்போது அவர் அழுதாரு. நான் அழல.

"அவள் என் கையில்தான் இருந்தாள்"னு எழுதினீங்க. "காதில் பாங்கு சொன்னேன்"னு எழுதினீங்க. உங்க முதல் பொய்யையே நான் இன்னும் தாங்கல. ரெண்டாவது எதுக்கு? நீங்க தூக்கினீங்கங்கிற ஒண்ணை நினைச்சு ஒரு வாரம் நான் நல்லாத் தூங்கினேன். அதையும் பிடுங்கிட்டீங்க.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். என் வயித்தைப் பிடிச்சிக்கினு இருந்தேன்னு சொல்றதுல உங்களுக்கு என்னா கஷ்டம்?

நாசியா


விழுப்புரம்
14.5.2024

நாசியா,

இதை எப்படி எழுதுறதுன்னு தெரியல. நாலு தரம் எழுதிக் கிழிச்சேன். நல்ல தமிழ்ல எழுதினா எல்லாம் யாருக்கோ நடந்தது மாதிரி ஆயிடுது. அதுக்குத்தான் அப்படி எழுதினேன் போல.

ராஜவேலு அண்ணன் சொன்னது அத்தனையும் நெஜம். நான் அவளைத் தூக்கல. உசிரோட இருந்தப்ப நான் அவ மூஞ்சியைப் பாக்கவே இல்ல.

ரெண்டடி தூரம். அந்த ரூம் எவ்ளோ பெருசுன்னு உனக்குத் தெரியும். திரும்பினா தெரிவா. கையை எடுத்தா ரத்தம் குபுக்குன்னு வருது. ஒரு தரம் எடுத்தேன், வேர்வை துடைக்க. அந்த ஒரு செகண்டுல உன் உதடு வெளுத்துப்போச்சு. அதுக்கப்புறம் எடுக்கல. கையை எடுத்தா நீ போயிடுவ. எடுக்கலன்னா அவ என்னைப் பாக்காமலே போயிடுவா. யாரும் என்னை உக்கார வச்சுக் கேக்கல, எது வேணும்னு. ஆனா நான் பதில் சொல்லிட்டேன்.

அந்த விசில் சத்தம் எனக்கும் கேட்டுச்சு. நிக்கிற வரைக்கும் கேட்டுச்சு. நின்னதும் கேட்டுச்சு.

அவ பொழைக்கமாட்டான்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் செகண்ட் மேட்டைப் பிடிக்கச் சொல்லிட்டு ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் திரும்பியிருக்கலாம். அவருக்கு அழுத்தத் தெரியுமோ தெரியாதோன்னு பயம். பாங்கு சொன்னேன், அது மட்டும் நெஜம். ஆனா அவ மூச்சு நின்ன பிறகு. கையைக் கழுவிக்கினு வந்து, குனிஞ்சு சொன்னேன். கேக்காத காதுல.

உன்கிட்ட ஏன் சொல்லலன்னு கேட்ட. சொன்னா என்னா ஆவும்? உனக்காகத்தான் அவளை விட்டேன்னு சொல்ற மாதிரி ஆவும். நீ யாரு, எனக்குத் தெரியாதா? "எனக்கு பதிலா அவளைத் தூக்கியிருக்கக் கூடாதா"ன்னு ஆயுசுக்கும் கேப்ப. அந்த பாரம் உன் தலையில ஏறக்கூடாது, என் மேலயே இருக்கட்டும்னு நினைச்சேன். அது நல்லதுக்குன்னு நினைச்சேன். இப்ப பாத்தா, உன் புள்ளையை உன்கிட்டேர்ந்து ரெண்டாந்தரம் எடுத்துட்டேன்.

அம்மாகிட்ட நேத்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். அம்மா கையில இருந்த முறத்தைக் கீழ வச்சிட்டு உள்ள போய்ட்டாங்க. ரெண்டு வேளையா சோத்தை மட்டும் போட்டு வைக்கிறாங்க.

கப்பலுக்குப் போகாதன்னு நீ ஒரு வார்த்தை எழுது. போகல. வேற வேலை தேடிக்கிறேன். புதுச்சேரி பக்கம் ஏதாவது கம்பெனியில பாய்லர் பாத்துக்கினு இருந்துடுவேன். நீ சொல்லு.

ஹுதைஃபா


திண்டிவனம்
22.5.2024

மச்சானுக்கு,

உங்க காயிதத்தை அத்தா இல்லாதப்ப படிச்சேன். நீங்க சொன்ன மாதிரியேதான் ஆச்சு. அந்த பாரம் என் தலையில ஏறிடுச்சு. அவளைத் தூக்கியிருக்கக் கூடாதான்னு கேக்கத்தான் தோணுது. கேட்டா நான் செத்திருக்கணும்னு அர்த்தம். செத்திருக்கணும்னும் தோணல. இப்படி ஒரு இடத்துல ஒரு பொம்பளையை நிறுத்தினா அவ என்னா செய்வா?

ஆனா ஒண்ணு. இது என் பாரம். இதை நீங்க வச்சிக்கினு இருந்தீங்க, எனக்காகத்தான், புரியுது. இருந்தாலும் என்னோடதை என்கிட்ட குடுத்திருக்கணும்.

நானும் ஒண்ணு சொல்லணும். எல்லாத்தையும் உங்க மேலயே போட்டுக்கினு வர்றேன். கப்பலேறுறதுக்கு முன்னாடி மெட்ராஸ்ல மெடிக்கல் ஃபாரம் கொடுத்தாங்களே, மாசமா இருக்கீங்களான்னு ஒரு கேள்வி. அப்பவே ரெண்டு மாசம். "இல்ல"ங்கிற கட்டத்துல டிக் போட்டது என் கை. நீங்க வேணாம்னுதான் சொன்னீங்க. நான்தான் கேக்கல. கோட்டக்குப்பத்துல எங்க பெரியம்மா துபாய்ல இருக்கிற புருஷனை ரெண்டு வருஷத்துக்கு ஒரு மாசம் பார்த்தே கிழவி ஆயிட்டாங்க. அந்தப் பொழைப்பு எனக்கு வேணாம்னு இருந்தேன். உங்ககூடவே இருக்கணும்னு இருந்தேன். கப்பல் மேல் தளத்துல நாம ரெண்டு பேரும் உக்காந்து மாங்கா ஊறுகா வச்சு சோறு தின்னது எல்லாம் பொய்யில்ல. எனக்குக் கடல் பிடிச்சிருந்துச்சு மச்சான். அதுதான் இப்ப ரொம்ப வலிக்குது.

போறதா வேணாமான்னு என்னைக் கேக்காதீங்க. நான் போகாதன்னு சொல்லி நீங்க பாய்லர் முன்னாடி உக்காந்தா, தினமும் சாயங்காலம் வந்து என் மூஞ்சியைப் பார்ப்பீங்க, நான் உங்க மூஞ்சியைப் பார்ப்பேன். ரெண்டு பேருக்கும் அதே நாற்பத்திரண்டு நிமிஷம்தான் தெரியும். இப்ப என்னால முடியாது. போங்க. நான் வரல. என் பேரைக் கொடுக்காதீங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு நாள் இங்க வாங்க. அத்தாகிட்ட நீங்களே உங்க வாயால சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். அவருக்குப் பேத்தி இருந்தா. அவ பேரு அவர் பொண்டாட்டி பேரு. அது அவருக்குத் தெரியணும்.

நாசியா


சிங்கப்பூர்
3.7.2024

நாசியா,

அஸ்ஸலாமு அலைக்கும். கப்பல்ல இன்டர்நெட் இருக்கு. ஆனா உன்கிட்ட இதுலதான் பேச வருது. ஏஜென்ட் ஆளு போட்ல வந்தா தபால்ல போடக் குடுப்பேன்.

அன்னைக்கு உங்க வீட்டுல மாமா என் கையைப் பிடிச்சாரே, அதை நினைச்சுக்கினேதான் ஏர்போர்ட்டுக்குப் போனேன். திட்டுவாருன்னு தயாரா வந்தேன். "ஷமீமா? ஷமீம்னா வச்ச?"ன்னு ரெண்டு தரம் கேட்டாரு. அப்புறம் கையை விடவே இல்ல. நீ சோறு போட்ட, எங்ககூட உக்காரல. ஆட்டோ வரைக்கும் வந்த. வந்தியே, அது போதும்.

இங்க ஒரு விஷயம் நடந்துச்சு. உனக்குச் சொல்லணும்.

இந்தக் கப்பல்ல தேர்ட் மேட்டு ஒரு சின்னப் பையன்தான், இருபத்தாறு வயசு, கொல்லம் பக்கம். மூணு வாரமா இங்கயே நங்கூரம் போட்டுக் கிடக்கோம், முந்தாநாள் அவன் சம்சாரம் வந்து ஏறிச்சு. சிரிச்ச முகம். மெஸ்ல எல்லாருக்கும் நேந்திரம் சிப்ஸ் குடுத்துச்சு. ரெண்டாம் நாளு பாக்குறேன், அந்தப் பொண்ணு படியில ஒரு கையால கம்பியைப் பிடிச்சிக்கினு, இன்னொரு கையை இடுப்புல வச்சு நின்னு நின்னு ஏறுது. உடம்புல புருஷனோட பெரிய சட்டை. நீயும் என் சட்டையைத்தான் போட்டுக்குவ.

அவனைத் தனியா கூப்பிட்டுக் கேட்டேன். முதல்ல இல்லைன்னான். அப்புறம் அஞ்சாம் மாசம்னான். "சார், யார்கிட்டயும் சொல்லாதீங்க. பிரேசில் போனதும் இறக்கி விட்டுடுவேன். முப்பத்தஞ்சு நாள்தான் சார்"னு கையைப் பிடிச்சிக்கினான்.

நேரா கேப்டன் ரூமுக்குப் போனேன். அவரு சாப்பிட்டுக்கினு இருந்தாரு. "அது அவங்க குடும்ப விஷயம், நாளைக்குக் கப்பல் கிளம்புது, இப்ப யாரையும் இறக்க முடியாது, உனக்கு என்னா வந்துச்சு?"ன்னு சத்தம் போட்டாரு. எனக்கு என்னா வந்துச்சுன்னு சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன் நாசியா. ஐஸ் ரூம் தட்டு வரைக்கும். பேரிங்கைக் கழுவினது வரைக்கும். அம்மாகிட்டகூட இவ்ளோ முழுசா சொன்னதில்ல. இங்கிலீஷ்ல ஆரம்பிச்சேன், நடுவுல தமிழ்ல பேசிக்கினு இருக்கேன்னு எனக்கே தெரியல. அவரு பஞ்சாபி. அவருக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது. ஸ்பூனைக் கீழ வச்சிட்டாரு. அப்புறம் ஏஜென்ட்டைக் கூப்பிட்டாரு.

இன்னைக்குக் காலையில அந்தப் பொண்ணைப் போட்ல இறக்கினாங்க. அழுதுச்சு. இறங்கும்போது என்னைப் பார்த்து மலையாளத்துல என்னென்னமோ சொல்லுச்சு. நல்ல வார்த்தை இல்ல, அது புரிஞ்சுது. உங்களுக்குப் பொண்டாட்டி இருந்தா தெரியும்னு கடைசியா இங்கிலீஷ்ல சொல்லிட்டுப் போச்சு. தேர்ட் மேட்டு என் முகத்துல முழிக்க மாட்டேங்கிறான். அவன் வேலைக்கும் ஆபத்து வரலாம். பேஜாருதான். நான் செஞ்சது சரியா தப்பான்னு யோசிச்சுக்கினே இருக்கேன். ஆனா அந்தப் போட்டு கரையைப் பார்த்துப் போறதை மேல நின்னு பார்த்தேன். சின்னப் புள்ளியா ஆகுற வரைக்கும் நின்னேன்.

அம்மாவுக்குப் போன் பண்ணேன். நல்லா பேசினாங்க. உன்னைப் பத்திக் கேட்டா, "அவளையே கேளு"ன்னு சொல்லிட்டாங்க.

ஹுதைஃபா


விழுப்புரம்
21.7.2024

மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். மேல ஊரைப் பார்த்திருப்பீங்க. உங்க காயிதம் திண்டிவனம் போய், அத்தா கையில பத்திரமா இங்க வந்து சேர்ந்துச்சு. நான் வந்து பன்னெண்டு நாள் ஆச்சு.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க. மாமிதான் வந்து கூப்பிட்டாங்க. முட்டி வலியோட தனியா பஸ் ஏறி வந்து, வாசல்ல நின்னுக்கினே, "என் பேத்திக்கு யாசீன் ஓதணும், அவ அம்மா இல்லாம எப்படி ஓதுறது?"ன்னாங்க. அத்தா என் பையை எடுத்துக் கொடுத்தாரு.

வெள்ளிக்கிழமை ஓதினோம். ஓத வந்த ஹஜ்ரத் புள்ளை பேரைக் கேட்டப்ப மாமி என்னைப் பார்த்தாங்க. நான் சத்தமா சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் இருந்தாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. தெரியட்டும். அவங்க போனப்புறம் மாமி, "யாரு ஜாடை?"ன்னு கேட்டாங்க. நான் பார்த்தாத்தானே மச்சான். ராஜவேலு அண்ணன் சொன்னதைச் சொன்னேன், முடி நிறைய இருந்துச்சாம், விரல் நீளமாம்னு. மாமி தன் கையை விரிச்சுப் பார்த்தாங்க. அப்புறம் எழுந்து போயிட்டாங்க.

அந்தப் பொண்ணை நீங்க இறக்கிவிட்டது சரிதான்னு நான் சொன்னா, அன்னைக்கு எனக்கு ஏன் செய்யலன்னு வாய் வரைக்கும் வருது. சொல்லாம இருக்க முடியல, அதான் எழுதிட்டேன். ஆனா சரிதான்.

அந்தப் பொண்ணு இப்ப கொல்லத்துல புருஷன் இல்லாம, வயித்தைப் பிடிச்சிக்கினு, உங்களைச் சபிச்சுக்கினு உக்காந்திருக்கும். அதுக்கு என்னா நடந்துச்சுன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. தேர்ட் மேட்டுகிட்ட கேட்டு அதோட அட்ரஸ் அனுப்புங்க. அவன் பேச மாட்டான்னா கேப்டன்கிட்ட கேளுங்க. எனக்கு மலையாளம் வராது, இங்கிலீஷ்ல எழுதுறேன். என்னையும் சேர்த்துத் திட்டும். பரவாயில்ல. அனுப்புங்க.

நாசியா